இன்று யார் வீசுகிறார்? மேஜர் லீக் பேஸ்பாலில் தொடக்கப் பிட்சர் மோதல்களைப் படிக்க முழுமையான வழிகாட்டி

ஆட்ட அட்டவணையில் இரண்டு பிட்சர்களின் பெயர்களை எதிரெதிரே போட்டிருப்பார்கள். அதைப் பார்த்ததும் புதியவர்கள் அந்த இருவரையும் ஒப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த இருவரும் களத்தில் ஒருவரையொருவர் சந்திப்பதே கிடையாது. 2022 முதல் அமெரிக்கன், நேஷனல் என்ற இரு லீக்குகளிலும் டெசிக்னேட்டட் ஹிட்டர் விதி (பிட்சருக்குப் பதில் வேறொருவர் மட்டை பிடிப்பது) இருப்பதால் பிட்சர்கள் மட்டை பிடிப்பதில்லை. பந்து வீசி மட்டையும் பிடிக்கும் ஷோஹெய் ஒஹ்தானி மட்டும் விதிவிலக்கு.

ஆக, ஒவ்வொரு ஆட்டத்திலும் இரண்டு தனி மோதல்கள் இருக்கின்றன. இந்த அணியின் பிட்சர் அந்த அணியின் ஒன்பது பேட்டர்களுக்கு எதிராக. அந்த அணியின் பிட்சர் இந்த அணியின் ஒன்பது பேருக்கு எதிராக. இரண்டையும் தனித்தனியாக எடைபோட்டு, கடைசியில்தான் அருகருகே வைக்க வேண்டும். கீழே உள்ள படிகளின் வரிசையும் முக்கியம். முதல் மூன்றைத் தாண்டிக் குதித்து நேராக எண்களுக்குப் போகிறவர்கள், அன்று வீசாத பிட்சரைப் பற்றி அரை மணி நேரம் ஆராய்ந்துவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

தொடங்கும் முன் தேவையானவை

எம்.எல்.பி.யின் அதிகாரபூர்வத் தளத்தில் அன்றைய ஆட்டங்களின் உத்தேசத் தொடக்கப் பிட்சர் பட்டியல் இருக்கும். திறமை சார்ந்த எண்களுக்கு ஃபேன்கிராஃப்ஸ், ஆட்டவாரியான பதிவுகளுக்கு பேஸ்பால் ரெஃபரன்ஸ், பந்தின் வேகம் மற்றும் பிட்ச் வகைகளுக்கு பேஸ்பால் சேவன்ட். நான்கையும் இலவசமாகப் பார்க்கலாம். கூடவே ஒரு ஸ்ப்ரெட்ஷீட் அல்லது நோட்டு. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வரிகள் போதும், பிட்சருக்கு ஒரு வரி.

1. தேதியைச் சரிசெய்யுங்கள்

எல்லாத் தளங்களும் அமெரிக்கத் தேதியில்தான் இயங்குகின்றன. கோடைக்கால நேரம் அமலில் இருக்கும்போது நியூயார்க்கில் இரவு 7:05க்குத் தொடங்கும் ஆட்டம் இந்தியாவில் மறுநாள் அதிகாலை 4:35. லாஸ் ஏஞ்சலஸில் இரவு 7:10 என்றால் நமக்கு மறுநாள் காலை 7:40. ஆனால் நியூயார்க்கில் பகல் 1:05க்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு அதே நாள் இரவு 10:35.

இந்தக் கலப்பினால் ஒரே இரவில் இரண்டு தேதிகள் குழம்பிவிடும். நோட்டில் அமெரிக்கத் தேதியை மட்டும் எழுதுங்கள். ஓய்வு நாட்களைக் கணக்கிடும்போது இதன் அருமை தெரியும்.

2. பெயரை உறுதிப்படுத்துங்கள்

உத்தேசப் பட்டியல் என்பது அறிவிப்பு மட்டுமே. மழை, காயம், முந்தைய இரவு நீண்டுபோன ஆட்டம் என எதனாலும் மாறும். பெயருக்குப் பதில் டி.பி.டி. என்று இருந்தால், அணி இன்னும் முடிவெடுக்கவில்லை அல்லது சொல்ல விரும்பவில்லை என்று பொருள். காலையில் ஒருமுறை, லைன்அப் (அன்று மட்டை பிடிக்கும் ஒன்பது பேரின் வரிசை) வெளியானதும் ஒருமுறை என இரண்டு தடவை பாருங்கள்.

பிறகு அவர் கடைசியாக வீசிய தேதியைப் பாருங்கள். அணிகள் ஐந்து பேரையோ ஆறு பேரையோ சுழற்சியில் வைத்திருக்கும். வீசிய நாளையும் வீசப்போகும் நாளையும் விட்டுவிட்டு இடையிலுள்ள நாட்களை மட்டும் எண்ண வேண்டும். ஏப்ரல் 10 அன்று வீசியவர் 15 அன்று வீசினால் நான்கு நாள் ஓய்வு. இதை ஐந்து என்று எண்ணிவிட்டு, ஓய்வு கூடுதலாகக் கிடைத்திருக்கிறது என்று முடிவு கட்டுவது அடிக்கடி நடக்கும் பிழை. நான்கு, ஐந்து நாள் ஓய்வு சாதாரணம். அதைவிட அதிகமாக இருந்தால் காரணம் தேடுங்கள். அட்டவணையில் விடுமுறை இருந்திருக்கலாம். கையில் வலி என்று ஒரு முறையைத் தள்ளிவைத்திருக்கவும் கூடும்.

அடுத்தது ஓப்பனர். 2018 மே மாதம் டாம்பா பே ரேஸ் அணி செர்ஜியோ ரோமோ என்ற ரிலீவரை, அதாவது வழக்கமாக ஆட்டத்தின் நடுவில் வந்து வீசுபவரை, ஆட்டத்தைத் தொடங்க வைத்தது. அதிலிருந்து இது வழக்கமான உத்தியாகிவிட்டது. ஓப்பனர் ஓர் இன்னிங்ஸோ (எதிரணியின் மூன்று அவுட்) இரண்டோ வீசிவிட்டுப் போய்விடுவார். அவருக்குப் பின் வந்து நான்கைந்து இன்னிங்ஸ் சுமப்பவர்தான் அன்றைய உண்மையான பிட்சர். பட்டியலில் உள்ளவர் சமீப ஆட்டங்களில் தலா ஓர் இன்னிங்ஸ்தான் வீசியிருக்கிறார் என்றால், நீங்கள் ஆராய வேண்டிய ஆள் அவர் அல்ல. உள்ளூர் நிருபர்கள் பெரும்பாலும் அடுத்தவரின் பெயரையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்.

3. எவ்வளவு நேரம் நிற்பார் என்று கணக்கிடுங்கள்

திறமையைப் பார்ப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். எத்தனை பெரிய பிட்சரானாலும் அவர் களத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டுமே அவருடைய திறமை பயன்படும்.

கணக்கு எளிது. கடைசி மூன்று ஆட்டங்களில் எத்தனை பந்து வீசினார் என்று பாருங்கள். 90 பந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு பேட்டருக்குச் சராசரியாக 3.9 பந்து செலவாகும் என்றால் 23 பேட்டர்களைச் சந்திப்பார். அதில் சுமார் 30 சதவீதம் பேர் அவுட் ஆகாமல் பேஸை அடைந்துவிடுவார்கள் என்று எடுத்தால் 16 அவுட். அதாவது ஐந்து இன்னிங்ஸும் ஓர் அவுட்டும். ஆட்டத்துக்குத் தேவை 27 அவுட். மீதி 11 அவுட்டை வேறு யாரோ எடுக்க வேண்டும். இந்த 16, 11 என்ற எண்களைக் குறித்து வையுங்கள்; எட்டாம், ஒன்பதாம் படிகளில் தேவைப்படும்.

அந்த 23 பேட்டர்களில் முதல் 18 பேர் இரண்டு சுற்று. மிச்சம் ஐந்து பேர் மூன்றாம் முறையாக அவரை எதிர்கொள்கிறார்கள். அந்த ஐந்து பேர் லைன்அப்பின் முதல் ஐவர், அதாவது அணியின் சிறந்த பேட்டர்கள். மூன்றாம் சுற்றில் பேட்டர்களின் கை ஓங்கும் என்பது நன்கு அறியப்பட்ட உண்மை: அவருடைய எல்லாப் பந்துகளையும் பார்த்தாகிவிட்டது, அவரும் களைத்திருப்பார். 2020 வேர்ல்ட் சீரிஸின் (மேஜர் லீக் இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தில் பிளேக் ஸ்னெல் இரண்டே ஹிட் கொடுத்து ஒன்பது ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்திருந்தார். ஆனாலும் 73 பந்துகளிலேயே ரேஸ் அணி அவரை வெளியே எடுத்தது. எதிரணியான டாட்ஜர்ஸின் முதல்வரிசை பேட்டர்கள் மூன்றாம் முறை வரவிருந்ததுதான் காரணம். உள்ளே வந்த ரிலீவரால் முன்னிலையைக் காக்க முடியவில்லை, தொடரும் போயிற்று. அந்த முடிவு சரியா தவறா என்ற விவாதம் எப்படியிருந்தாலும், அணிகள் இப்படித்தான் யோசிக்கின்றன என்பதை மனதில் வையுங்கள்.

காயத்திலிருந்து திரும்பும் பிட்சரிடம் கூடுதல் கவனம் வேண்டும். பெயர் பெரியதாக இருக்கும். பந்து வரம்பு 60 அல்லது 70ஆக இருக்கும். முதல் சில ஆட்டங்களில் அவரை முழு ஸ்டார்ட்டராக (தொடக்கப் பிட்சராக) கணக்கில் எடுக்காதீர்கள்.

4. பிட்சரின் திறமையைப் படியுங்கள்

முதலில் வெற்றி தோல்விக் கணக்கை ஒதுக்குங்கள். 2018ல் ஜேக்கப் டிகிராமின் ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகப் பிட்சர் கணக்கில் சேரும் ரன்) 1.70, வெற்றி தோல்வி 10-9. 2025ல் பால் ஸ்கீன்ஸின் ஈ.ஆர்.ஏ. 1.97, வெற்றி தோல்வி 10-10. இருவரும் அந்தந்த ஆண்டு நேஷனல் லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை வென்றார்கள். வெற்றி என்பது தன் அணி எத்தனை ரன் எடுத்தது என்பதையும் பொறுத்தது. அதில் பிட்சரின் பங்கு பாதிகூட இல்லை.

இன்னிங்ஸ் எண்ணிக்கையைப் படிப்பதில் ஒரு பொறி இருக்கிறது. 5.2 என்றால் ஐந்து இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும், கிரிக்கெட்டில் 5.2 ஓவர் என்று எழுதுவதைப் போலத்தான். ஆனால் அதை ஸ்ப்ரெட்ஷீட்டில் தசமமாகக் கூட்டிவிடுகிறார்கள். 5.2, 6.1, 4.2 என்ற மூன்று ஆட்டங்களைத் தசமமாகக் கூட்டினால் 15.5 வரும், அப்படி ஓர் இன்னிங்ஸ் எண்ணிக்கையே கிடையாது. சரியான விடை 16.2, அதாவது 50 அவுட். ஆறு ரன் கொடுத்திருந்தால் உண்மையான ஈ.ஆர்.ஏ. 3.24, தவறான கூட்டலில் அது 3.48 ஆகிவிடும். எப்போதும் அவுட்டுகளாக மாற்றிவிட்டுக் கூட்டுங்கள்.

ஈ.ஆர்.ஏ. நடந்ததைச் சொல்லும், நாளை நடக்கப்போவதை அவ்வளவு நன்றாகச் சொல்லாது. ஃபீல்டர்களின் தரம், ஹிட்டுகள் அடுத்தடுத்து விழுந்தனவா சிதறி விழுந்தனவா என்பதெல்லாம் அதில் கலந்திருக்கும். பிட்சரின் கையில் அதிகம் இருப்பவை மூன்று: ஸ்ட்ரைக்அவுட், வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் இலவசமாக முதல் பேஸுக்குப் போவது), ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸரைப் போன்றது). இந்த மூன்றையும் பேட்டர் மேல் பட்ட பந்துகளையும் வைத்துச் செய்யும் கணக்குதான் எஃப்.ஐ.பி. ஹோம் ரன்னை 13ஆல் பெருக்குங்கள். வாக்குகளையும் உடலில் பட்டவற்றையும் கூட்டி 3ஆல் பெருக்கிச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரைக்அவுட்டை 2ஆல் பெருக்கிக் கழியுங்கள். இன்னிங்ஸால் வகுத்து, சுமார் 3.10 கூட்டுங்கள். அந்த மாறிலி ஆண்டுக்கு ஆண்டு கொஞ்சம் நகரும்.

ஒரு கற்பனை பிட்சரை எடுத்துக்கொள்வோம். 30 இன்னிங்ஸ், 126 பேட்டர்கள், 36 ஸ்ட்ரைக்அவுட், 8 வாக், உடலில் பட்டது 1, ஹோம் ரன் 3, கொடுத்த ரன் 15. ஈ.ஆர்.ஏ. 4.50. பார்த்தால் சுமார்தான். எஃப்.ஐ.பி. கணக்கு: 39 கூட்டல் 27 கழித்தல் 72, விடை மைனஸ் 6. அதை 30ஆல் வகுத்து 3.10 கூட்டினால் 2.90. இவர் நல்ல பிட்சர். அப்படியானால் அந்த 15 ரன் எங்கிருந்து வந்தது? களத்துக்குள் அடிக்கப்பட்ட பந்துகள் 78; அதில் 28 ஹிட்டாக விழுந்திருந்தால் 0.359. லீக் சராசரி 0.290க்கும் 0.300க்கும் நடுவில்தான் இருக்கும். இவ்வளவு உயரத்தில் அது நீடிக்க வாய்ப்புக் குறைவு.

ஒரே ஓர் எண்தான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால், ஸ்ட்ரைக்அவுட் சதவீதத்திலிருந்து வாக் சதவீதத்தைக் கழித்துப் பாருங்கள். மேலே உள்ளவருக்கு 28.6 கழித்தல் 6.3, அதாவது 22.3. லீக் சராசரி சுமார் 14. ஸ்ட்ரைக்அவுட் விகிதம் 70 பேட்டர்களுக்குள்ளேயே ஓரளவு நிலைத்துவிடும். ஏப்ரல் மாதத்திலேயே நம்பக்கூடிய எண் இது.

கடைசியாக வேகம். கடந்த இரண்டு ஆட்டங்களில் ஃபாஸ்ட்பால் சராசரி வேகம் மணிக்கு ஒரு மைலுக்கு மேல் குறைந்திருந்தால் மற்ற எண்களின் மேல் வைத்த நம்பிக்கையைக் குறையுங்கள். காயம் பல நேரம் வேகத்தில்தான் முதலில் தலைகாட்டும். ஏப்ரல் குளிரில் சிலருக்கு வேகம் இயல்பாகவே குறைவாக இருக்கும். ஆகவே அவருடைய சென்ற ஆண்டு ஏப்ரலோடு ஒப்பிடுங்கள்.

5. எதிரணியின் ஒன்பது பேரை இடது, வலது என்று பிரியுங்கள்

மோதலின் உயிர் இங்கேதான். பொதுவாக வலக்கைப் பிட்சரை இடக்கை பேட்டர் நன்றாக அடிப்பார். இடக்கைப் பிட்சரை வலக்கை பேட்டர் நன்றாக அடிப்பார். எதிர்க் கையிலிருந்து வரும் பந்தைத் தெளிவாகப் பார்க்க முடிகிறது. பக்கவாட்டில் வளையும் ஸ்லைடர் போன்ற பந்துகளும் விலகிப் போகாமல் மட்டையை நோக்கி உள்ளே வருகின்றன.

லைன்அப் பொதுவாக ஆட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு மணி நேரம் முன்பு வெளியாகும். ஒன்பது பெயருக்கும் பக்கத்தில் இ அல்லது வ என்று எழுதுங்கள். இரு கையாலும் ஆடும் ஸ்விட்ச் ஹிட்டர் எப்போதும் பிட்சருக்கு எதிர்ப்பக்கத்தில்தான் நிற்பார். வலக்கைப் பிட்சர் என்றால் அவரை இ என்றே எழுதுங்கள். இதைத் தவறவிட்டால் எதிர்க்கை பேட்டர்களின் எண்ணிக்கை குறைவாக வந்துவிடும்.

முதல் ஐந்து இடங்களைத் தனியாகப் பாருங்கள். மூன்றாம் படியில் பார்த்தபடி மூன்றாம் முறை வரக்கூடியவர்கள் அவர்கள்தான். எட்டாவது, ஒன்பதாவது இடங்களில் இரண்டு இடக்கையர்கள் இருப்பதும் இரண்டாவது, மூன்றாவது இடங்களில் இருப்பதும் ஒன்றல்ல.

புதியவர்கள் வழுக்கும் இடங்கள்:

இடக்கைப் பிட்சர் என்றதும், எதிரணியின் நட்சத்திர இடக்கை பேட்டர்களை அடக்கிவிடுவார் என்று நினைப்பது. நட்சத்திரங்கள் ஆடுவார்கள்தான், ஆனால் மற்ற இடக்கையர்களை மேனேஜர் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வலக்கையர்களை இறக்கிவிடுவார். இடக்கைப் பிட்சர் சந்திப்பது பெரும்பாலும் தனக்கு எதிராகவே கட்டப்பட்ட லைன்அப்பை.

அணியின் ஒட்டுமொத்தப் பிரிப்பு எண்ணை அப்படியே நம்புவது. இடக்கைப் பிட்சர்களுக்கு எதிராக இந்த அணியின் டபிள்யூ.ஆர்.சி. பிளஸ் (ரன் எடுக்கும் திறனின் அளவு) 115 என்று தளம் காட்டும். 100 சராசரி, ஆக நல்ல எண். ஆனால் அதைச் சம்பாதித்துக் கொடுத்த இருவர் இன்று காயப் பட்டியலில் இருந்தால்? இன்றைய ஒன்பது பேரின் எண்களையே பாருங்கள்.

இரவு ஆட்டத்துக்கு மறுநாள் வரும் பகல் ஆட்டத்தை மறப்பது. அன்று அணியின் வழக்கமான கேட்சருக்கு (பிட்சரின் பந்தைப் பிடிப்பவர்) ஓய்வு கொடுப்பது வழக்கம். அவரோடு இன்னும் ஒருவரோ இருவரோ உட்காரலாம். லைன்அப் வருமுன் முடிவு செய்தால் இல்லாத ஆளை எண்ணிக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்று, எல்லாவற்றையும்விட அதிகமாக ஆசை காட்டுவது: இந்த பேட்டர் இந்த பிட்சருக்கு எதிராக எட்டுக்கு மூன்று ஹிட், சராசரி 0.375 என்ற வரி. ஒளிபரப்பிலும் இதைத்தான் திரையில் போடுவார்கள். எட்டு முறை என்பது எதையும் நிரூபிக்காது. பாதி நான்கு வருடத்துக்கு முன்னால் நடந்திருக்கும், அதற்குள் பிட்சர் புதுப் பந்து ஒன்றைக் கற்றிருப்பார். இந்த எண்ணை உங்கள் நோட்டில் எழுதவே வேண்டாம்.

6. பந்து வகைகளைப் பொருத்திப் பாருங்கள்

ஐந்தாம் படியின் விதிக்குத் திருத்தம் இங்கே கிடைக்கும். சின்கரையும் (கீழிறங்கும் பந்து) ஸ்வீப்பரையும் (பக்கவாட்டில் அகலமாக வளையும் பந்து) நம்பும் பிட்சர் தன் கைப் பக்க பேட்டர்களிடம் கொடூரமாக இருப்பார். எதிர்க் கையினரிடம் அடி வாங்குவார். நல்ல சேஞ்ச்அப் (ஃபாஸ்ட்பால் போலத் தெரிந்து மெதுவாக வரும் பந்து) அல்லது ஸ்ப்ளிட்டர் (கடைசியில் கீழிறங்கும் பந்து) வைத்திருப்பவருக்கு அந்த இடைவெளி சுருங்கும், சிலருக்குத் தலைகீழாகவே மாறும். ஆகவே ஆறு இடக்கையர்கள் எதிரே இருக்கிறார்கள் என்று ஒரு வலக்கைப் பிட்சரைக் கழித்துக்கட்டும் முன், சேவன்ட் பக்கத்தில் இடக்கையர்களுக்கு அவர் என்ன வீசுகிறார் என்று பாருங்கள்.

7. மைதானமும் வானிலையும்

டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில் இருக்கிறது. மெல்லிய காற்றில் அடித்த பந்து தூரம் போகும். கர்வ்பால் வளைவும் குறையும். பந்துகளை ஈரப்பதத்தில் வைக்கும் ஹியுமிடாரை அங்கே 2002லேயே கொண்டுவந்தார்கள். பாதிப்பு குறைந்ததே தவிர மறையவில்லை. சின்சினாட்டியின் மைதானம் ஹோம் ரன்னுக்குச் சாதகம். சியாட்டிலும் சான் பிரான்சிஸ்கோவும் பிட்சர்களுக்குச் சாதகம்.

மைதானத்தைப் பிட்சரின் பாணியோடு சேர்த்தே படியுங்கள். யாங்கி ஸ்டேடியத்தின் வலது மூலை வெறும் 314 அடி. ஃப்ளை பால் (உயரே பறக்கும் அடி) கொடுக்கும் வலக்கைப் பிட்சர் இடக்கை பேட்டர்களிடம் அங்கே மாட்டிக்கொள்வார். கிரவுண்ட் பால் (தரையில் உருளும் அடி) எடுப்பவருக்கு அது அவ்வளவு பொருட்டல்ல. பாஸ்டனின் ஃபென்வே பார்க்கில் இடப்பக்கம் 310 அடிதான், ஆனால் 37 அடி உயரச் சுவர் நிற்கிறது. வேறு இடத்தில் கேட்ச் ஆகும் பந்து அங்கே சுவரில் பட்டு, இரண்டு பேஸ் தரும் டபுள் ஆகிவிடும்.

காற்றுக்கு முதலில் பார்க்க வேண்டியது சிகாகோவின் ரிக்லி ஃபீல்ட். மிச்சிகன் ஏரியிலிருந்து உள்நோக்கி வீசினால் அது பிட்சர்களின் மைதானம். வெளிநோக்கி வீசினால் நேர்மாறு. கூரை மூடும் மைதானங்களில் வெப்பநிலையைப் பார்த்து நேரம் வீணாக்க வேண்டாம், கூரை மூடியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மழை வாய்ப்பை மட்டும் விடாதீர்கள்: ஆட்டம் தொடங்கியபின் ஒரு மணி நேரம் நின்றுபோனால் ஸ்டார்ட்டர் பெரும்பாலும் திரும்பி வரமாட்டார்.

8. புல்பென்

அந்த 11 அவுட்டுக்கு வருவோம். அவற்றை எடுக்க வேண்டிய ரிலீவர்களின் கூட்டம்தான் புல்பென். கடந்த மூன்று நாட்களில் எந்த ரிலீவர் எத்தனை பந்து வீசினார் என்று குறியுங்கள். இரண்டு நாள் தொடர்ந்து வீசியவர் மூன்றாம் நாள் பெரும்பாலும் கிடைக்கமாட்டார். நேற்று ஆட்டம் கூடுதல் இன்னிங்ஸுக்குப் போயிருந்தால் அல்லது ஸ்டார்ட்டர் இரண்டாவது இன்னிங்ஸிலேயே வெளியேறியிருந்தால், இன்று சிறந்த மூவரும் பெஞ்சில்தான். 26 பேர் அணியில் பிட்சர்கள் 13 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்பதால் புதிதாக ஒருவரைக் கொண்டுவர வேறொருவரை அனுப்ப வேண்டும். காலையில் அப்படி ஒரு மாற்றம் நடந்திருந்தால் புல்பென் களைத்திருக்கிறது என்பதற்கு அதுவே நல்ல அடையாளம்.

9. இரண்டு வரிகளையும் சேருங்கள்

அ அணியின் ஸ்டார்ட்டர் எஃப்.ஐ.பி. 3.00; கிடைக்கக்கூடிய புல்பென் 4.50. ஆ அணியின் ஸ்டார்ட்டர் 3.90, புல்பென் 3.30. இருவரும் 16 அவுட் எடுப்பார்கள் என்று கொள்வோம். அ அணிக்கு 16ஐ 3.00ஆலும் 11ஐ 4.50ஆலும் பெருக்கிக் கூட்டி 27ஆல் வகுத்தால் 3.61. ஆ அணிக்கு அதே கணக்கில் 3.66. ஸ்டார்ட்டர்களை மட்டும் பார்த்தால் அ அணி எங்கோ மேலே. முழு ஆட்டத்தையும் பார்த்தால் கிட்டத்தட்டச் சமம். இந்த இரண்டு எண்களையும் எதிரணி லைன்அப்புக்கும் மைதானத்துக்கும் ஏற்பச் சற்றே ஏற்றி இறக்குங்கள். சற்றே என்பதை அழுத்திச் சொல்கிறோம்: ஒரே காரணத்தை இரண்டு இடத்தில் சேர்த்துவிடுவது சுலபம். கூர்ஸில் அவருடைய ஈ.ஆர்.ஏ. மோசம் என்று ஒருமுறை கழித்துவிட்டு, கூர்ஸ் என்பதற்காக மறுபடி கழிக்காதீர்கள்.

கிடைத்த முடிவை எவ்வளவு நம்பலாம்? 162 ஆட்டங்களில் 100 வெல்லும் அணி மிகச் சிறந்த அணி. அதுவும் 62 சதவீதம்தான். 2024ல் சிகாகோ வொய்ட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்றது. அப்படிப்பட்ட அணிகூட 41 முறை வென்றது. ஓர் ஆட்டத்தில் ஒரு பக்கத்துக்கு 80 சதவீத வாய்ப்பு என்று உங்கள் நோட்டில் வந்தால், எங்கோ தவறாகக் கூட்டியிருக்கிறீர்கள்.

10. ஆட்டம் முடிந்தபின்

வென்றது யார் என்பதைவிட உங்கள் ஒவ்வொரு மதிப்பீடும் எப்படிப் போயிற்று என்று பாருங்கள். 16 அவுட் என்று போட்டீர்கள், எத்தனை எடுத்தார்? எத்தனை பந்து? ஃபாஸ்ட்பால் வேகம் முதல் இன்னிங்ஸில் எவ்வளவு, ஐந்தாவதில் எவ்வளவு? நல்ல மதிப்பீடும் தோற்கும். அவுட் கணக்கு தொடர்ந்து ஒரே பக்கமாகப் பிசகினால் அந்த மேனேஜர் தன் பிட்சரை எப்போது எடுக்கிறார் என்பதை நீங்கள் தவறாகப் படிக்கிறீர்கள். ரிலீவர்கள் வீசிய பந்து எண்ணிக்கையை அப்போதே எழுதிவிடுங்கள். மறுநாள் எட்டாம் படிக்கு முதலில் தேவைப்படுவது அந்தப் பட்டியல்தான்.